சீஸ் வெட்ட ஏன் தனிக் கத்தி? கைவினைக் கத்தி வாங்குவோரும் செய்வோரும் கவனிக்க வேண்டியவை

கூர்மை மட்டும் போதாது. அலகின் வடிவம், மூட்டு, எஃகைப் பதப்படுத்தும் முறை ஆகியவையே மேசைக் கத்தியின் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

பெங்களூரு: காய்கறி நறுக்கும் கத்தியால் சீஸ் எனப்படும் பாலாடைக்கட்டியை வெட்டும்போது பலருக்கும் ஒரே சிக்கல் ஏற்படுகிறது. மென்மையான சீஸ் கத்தியின் பக்கங்களில் அப்பிக்கொள்கிறது. சற்றே கெட்டியான சீஸ் பாதி வழியில் கத்தியைப் பிடித்துக்கொள்கிறது. நன்கு முதிர்ந்த சீஸோ பொடிந்து சிதறுகிறது. கத்தியைச் சாணை பிடித்தாலும் இந்தச் சிக்கல் முழுமையாகத் தீர்வதில்லை.

சீஸை வெட்டுவதில் கூர்மைக்கு இருக்கும் பங்கு சிறியது என்பதே இதற்குக் காரணம். வெட்டிய துண்டு கத்தியில் ஒட்டாமல் விலகுவதுதான் இங்கு முக்கியம். அதற்கேற்ற வடிவங்கள் ஐரோப்பாவில் நீண்ட காலமாகப் புழக்கத்தில் உள்ளன. இந்தியாவிலும் கையால் செய்யப்படும் சீஸ் வகைகள் பெருகிவரும் நிலையில், உணவு மேசைக்கான கைவினைக் கத்திகள் பரிசுப் பொருளாகவும் இணையவழியிலும் விற்பனையாகின்றன. அவற்றுள் நல்லதை இனங்காண்பது வாங்குவோருக்குப் பயன்படும். அத்தகைய கத்தியை இங்கேயே தரமாகச் செய்ய முடியுமா என்பது உள்நாட்டுக் கொல்லர்களின் பிழைப்போடு தொடர்புடைய கேள்வியாகும்.

இந்தியச் சமையலறைக்கு ஏன் புதிது?

தமிழர் வீடுகளின் பாரம்பரிய வெட்டுக்கருவி அரிவாள்மணை. அதில் அலகு அசையாமல் நிற்கும். காயைப் பிடித்த கைதான் நகரும். சமையலறையிலேயே எல்லாம் நறுக்கப்பட்டு, சமைக்கப்பட்டு, இலைக்கோ தட்டுக்கோ வந்துவிடும். உணவு மேசையில் விருந்தினரே வெட்டி எடுத்துக்கொள்ளும் வழக்கம் இல்லாததால், மேசைக்கென்று தனிக் கத்தியும் தேவைப்படவில்லை.

இந்தியாவில் பரவலாக உண்ணப்படும் பாற்கட்டி வகைகளும் அதற்கு இடம் தரவில்லை. பனீர் முதிர்விக்கப்படாதது, சீரான தன்மை கொண்டது, எந்தக் கத்திக்கும் வசப்படும். ஸ்ரீராம்புரம், மல்லேஸ்வரம் போன்ற பெங்களூரு பகுதிகளின் தோசைக் கடைகளில் சீஸ் மசாலா தோசையின் மீது துருவித் தூவப்படுவது பெரும்பாலும் பதப்படுத்தப்பட்ட சீஸ். இந்த வகை 1911ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் உருவாக்கப்பட்டது. சீஸை உருக்கி, கொழுப்பும் நீரும் பிரியாமல் தடுக்கும் உப்புகளைச் சேர்த்து, மீண்டும் கட்டியாக வார்ப்பதே இதன் செய்முறை. கட்டி முழுவதும் ஒரே தன்மை கொண்டிருப்பதால் இதை வெட்டத் தனிக் கருவி தேவையில்லை.

முதிர்விக்கப்பட்ட சீஸின் இயல்பு வேறு. மேல்தோல் ஒரு பதத்திலும் உட்பகுதி வேறொரு பதத்திலும் இருக்கும். கொடைக்கானல், குன்னூர், ஆரோவில், சென்னை ஆகிய இடங்களில் இத்தகைய சீஸ் வகைகள் சிறிய அளவில் தயாரிக்கப்படுகின்றன. பெங்களூருவில் பெனடிக்ட் சபைத் துறவியர் இத்தாலிய முறையில் மொசரெல்லா, புர்ராட்டா போன்ற புதுச் சீஸ் வகைகளைத் தயாரித்து வருகின்றனர். புர்ராட்டா போன்றவற்றுக்குக் கரண்டியே போதும். கவுடா, செடார் போன்ற முதிர்ந்த கட்டிகள் மேசைக்கு வரும்போதுதான் தனிக் கத்தியின் தேவை எழுகிறது.

வெட்டும்போது நடப்பது என்ன?

சீஸின் அடிப்படை, கேசின் என்னும் பால் புரதத்தால் ஆன வலை. அந்த வலையின் கண்களில் கொழுப்பும் நீரும் சிறைப்பட்டுள்ளன. கத்தியை அழுத்தும்போது கையின் விசை மூன்று வழிகளில் செலவாகிறது. முதலாவது, புரத வலையைப் பிளப்பது. இரண்டாவது, கட்டியை அழுத்தி உருக்குலைப்பது. மூன்றாவது, அலகின் இரு பக்கங்களிலும் ஏற்படும் உராய்வையும் ஒட்டுதலையும் எதிர்கொள்வது.

கூர்மை முதல் இரண்டுக்கும் உதவும். மூன்றாவதற்கு அதனால் பயனில்லை. கத்தி கீழிறங்க இறங்க, கொழுப்பும் ஈரமும் கலந்த புதிய பரப்பு அகன்ற அலகோடு முழுமையாகப் படிகிறது. இடையே காற்று புக வழியில்லாததால் துண்டு அலகைவிட்டு எளிதில் விலகாது. இந்நிலையில் கையை மேலும் அழுத்தினால் சீஸ் நசுங்கும். முதிர்ந்ததாக இருந்தால் உடையும்.

வெப்பநிலைக்கும் இதில் பங்குண்டு. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பால் கொழுப்பு இறுகியிருப்பதால் வெட்டு சுத்தமாக விழும். ஆனால் சுவை முழுமையாக வெளிப்படாது. அறை வெப்பத்தில் வைத்தால் சுவை கூடும். கொழுப்பு இளகி ஒட்டுதலும் கூடும். தென்னிந்தியக் கோடையில் இந்த மாற்றம் விரைவாக நிகழ்வதால், ஒட்டாத வடிவம் இங்கு இன்னும் அவசியமாகிறது.

சீஸுக்கேற்ற வடிவங்கள்

ஒட்டுதலைக் குறைப்பதற்கான எளிய வழி, உலோகம் சீஸைத் தொடும் பரப்பைக் குறைப்பது. கடைகளில் பெரிய கட்டிகளை வெட்ட மெல்லிய கம்பி பயன்படுத்தப்படுவது இதனால்தான். கம்பிக்குப் பக்கங்களே இல்லை என்பதால் மென்மையான சீஸும் நசுங்காமல் பிரியும். அதே தத்துவத்தில்தான் மென்சீஸ் கத்தியின் அலகில் பெரிய துளைகள் இடப்படுகின்றன. அவை அழகுக்கானவை அல்ல. தொடும் பரப்பைக் குறைத்து, அலகுக்கும் துண்டுக்கும் இடையே காற்று புக வழிசெய்பவை.

முதிர்ந்த சீஸுக்கு நேர்மாறான கருவி தேவை. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ குறைந்தது 12 மாதங்கள் முதிர்விக்கப்படுவது. அதன் ஒரு வட்டு ஏறக்குறைய 40 கிலோ எடை கொண்டது. அதற்கான கத்தி குட்டையானது. பாதாம் பருப்பின் வடிவில் கனமாக இருக்கும். அது சீஸை வெட்டுவதில்லை. விறகில் இறக்கும் ஆப்பு போலப் பிளக்கிறது. இதனால் சீஸ் தன் இயல்பான மணிக் கட்டமைப்பின் போக்கிலேயே பிரிகிறது.

நார்வேயின் லில்லெஹாம்மரைச் சேர்ந்த தச்சரான தோர் பியோர்க்லுண்ட் மூன்றாவது வழியைக் கண்டார். மரத்தை இழைக்கும் இழைப்புளியை முன்மாதிரியாகக் கொண்டு, சீஸை மெல்லிய ஏடுகளாகச் சீவும் கருவியை உருவாக்கி 1925ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். ஒரு தொழிலின் கருவி மற்றொரு தொழிலின் சிக்கலைத் தீர்த்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மேசைக் கத்தியில் கவனிக்க வேண்டியவை

வீட்டு மேசையில் நான்கைந்து கத்திகளை வரிசையாக வைப்பது எல்லோருக்கும் இயல்வதன்று. நடுத்தரக் கெட்டித்தன்மை கொண்ட சீஸ் வகைகளுக்கு ஒரே கத்தி போதுமெனில், அதன் வடிவமைப்பில் ஐந்து அம்சங்கள் முக்கியமானவை.

முதலாவது, கைப்பிடியின் உயரம். அலகும் கைப்பிடியும் ஒரே நேர்கோட்டில் இருந்தால், வெட்டு முடியும் முன்பே விரல் கணுக்கள் பலகையில் இடிக்கும். கைப்பிடி அலகைவிடச் சற்று உயர்ந்திருந்தால் அலகு முழுமையாகப் பலகையைத் தொடும்.

இரண்டாவது, அலகின் பரப்பு. ஒடுக்கமான அலகு அல்லது துளையிட்ட அலகு ஒட்டுதலைக் குறைக்கும். துளைகளின் விளிம்புகள் நன்கு மழுக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் சீஸ் துணுக்குகள் அங்கே தங்கும். கழுவும் துணியும் சிக்கும்.

மூன்றாவது, முனை. மேசைக் கத்தியின் நுனி பெரும்பாலும் இரு பல்லாகப் பிளந்து மேல்நோக்கி வளைந்திருக்கும். வெட்டிய துண்டைக் கையால் தொடாமல் எடுத்துத் தட்டில் வைக்க இது உதவும். பலர் சேர்ந்து உண்ணும் மேசையில் இது தூய்மைக்கும் ஏற்றது. பற்களின் முனை குத்தாத அளவுக்கு மழுங்கியிருப்பது பாதுகாப்பானது.

நான்காவது, வெட்டும் விளிம்பு. சவரக் கத்தியின் கூர்மை மேசைக்குத் தேவையில்லை. குழந்தைகளும் முதியோரும் கையாளும் கருவியில், சீஸைச் சீராகப் பிளக்கும் அளவுக்கான கூர்மையே போதுமானது.

ஐந்தாவது, அலகும் கைப்பிடியும் சேரும் மூட்டு. மலிவான கத்திகளில் முதலில் பழுதாகும் இடம் இதுவே. இங்கு இடுக்கு இருந்தால் கொழுப்பும் பால் புரதமும் தங்கிவிடும். லிஸ்டீரியா போன்ற கிருமிகள் குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் வளரக்கூடியவை. இதனால் மூட்டின் இடைவெளியை வெறும் அழகுக் குறையாகக் கருத முடியாது. அலகின் எஃகு கைப்பிடியின் கடைசி வரை நீண்டு, ரிவெட்டுகளால் இறுக்கப்பட்டு, இடைவெளி முழுவதும் அடைக்கப்பட்டிருப்பது உறுதியான முறையாகும்.

உருக்கின் பெருமையும் அதன் வரம்பும்

கத்தி குறித்த பேச்சு தென்னிந்தியாவில் எழும்போது உருக்கு எஃகின் வரலாறும் உடன் எழுவது இயல்பு. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், பண்டைத் தமிழர் இரும்பு, எஃகுத் தொழிலில் பெற்றிருந்த தேர்ச்சிக்குச் சான்றளித்தன. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த மேல்சிறுவளூரிலும் மூசையில் எஃகு உருக்கியதற்கான தடயங்கள் கண்டறியப்பட்டன. பெங்களூருவின் தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஷாரதா ஸ்ரீனிவாசனும், இந்திய அறிவியல் நிறுவனத்தின் எஸ். ரங்கநாதனும் இணைந்து இந்த எஃகு குறித்த நூலை 2004ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

ஐரோப்பியர் இதனை 'வூட்ஸ்' என்று அழைத்தனர். கன்னடத்தின் 'உக்கு' என்ற சொல்லின் திரிபே அது எனக் கருதப்படுகிறது. தமிழின் 'உருக்கு' அதற்கு நெருங்கிய சொல். 1794ஆம் ஆண்டு பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் என்பவர் இதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதில் கருவிகள் செய்து விற்றார். பின்னர் அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து எஃகுக் கலவைகள் குறித்த ஆய்வை 1820ஆம் ஆண்டு வெளியிட்டனர். அந்த ஆய்வுக்குத் தூண்டுகோலாக இருந்தவற்றுள் இந்திய எஃகும் ஒன்று.

இத்தனைப் பெருமை கொண்ட எஃகு சீஸ் கத்திக்கு ஏற்றதா என்றால், இல்லை என்பதே விடை. கார்பன் மிகுந்த அந்த எஃகு துருப்பிடிக்கும். சீஸ் சற்றே புளிப்புத்தன்மையும் உப்பும் ஈரமும் கொண்டது. இவை மூன்றும் சேர்ந்தால் அலகில் கறை படியும். உணவில் உலோகச் சுவையும் ஏறலாம்.

மேசைக்குப் பொருத்தமானது துருப்பிடிக்காத எஃகு. 1913ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி, துப்பாக்கிக் குழலின் தேய்மானத்துக்குத் தீர்வு தேடியபோது உருவாக்கிய எஃகு, விரைவில் மேசைக் கத்திகளுக்குப் பயன்பட்டது. எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால், அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உருவாகித் துருவைத் தடுக்கும்.

இன்று 'டமாஸ்கஸ்' என்ற பெயரில் விற்கப்படும் அலைக்கோல அலகுகளில் பெரும்பாலானவை, இருவகை எஃகுத் தகடுகளை அடுக்கி, சூடாக்கி, அடித்து இணைத்தவை. மூசையில் உருக்கிய பழைய எஃகுக்கும் இவற்றுக்கும் செய்முறையிலேயே வேறுபாடு உண்டு. சில மலிவுக் கத்திகளில் அந்தக் கோலம் மேற்பரப்பில் பொறிக்கப்பட்டது மட்டுமே. கோலத்தைக் கொண்டு அலகின் தரத்தை மதிப்பிட இயலாது.

கொல்லர் பட்டறைக்கு இதில் இடம் உண்டா?

சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தி, அரிவாளுக்குப் பெயர்பெற்ற ஊர். தமிழ்நாட்டின் கொல்லர் பட்டறைகளில் லாரிகளின் பழைய ஸ்பிரிங் பட்டைகள் முக்கிய மூலப்பொருள். கதிரறுப்பும் மரம் வெட்டுவதும் இயந்திரங்களுக்கு மாறிவிட்டதால் வேளாண் கருவிகளுக்கான தேவை குறைந்துள்ளது. மறுபுறம், இந்தத் தொழில் சந்தேகக் கண்ணோடும் பார்க்கப்படுகிறது. 2021ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் நடந்த தொடர் கொலைகளைத் தொடர்ந்து, அரிவாள், கத்தி வாங்குவோரின் விவரங்களைப் பதிவு செய்யுமாறு காவல்துறை பட்டறைகளுக்கு அறிவுறுத்தியது.

சட்டம் மேசைக் கத்தியை ஆயுதமாகக் கருதுவதில்லை. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுகளை ஆயுத விதிகள் கட்டுப்படுத்துகின்றன. வீட்டுப் பயன்பாடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைக்கப்பட்டவை அதில் அடங்கா. சீஸ் கத்தியின் அலகு பொதுவாக ஒரு சாண் நீளத்தைக்கூட எட்டாது.

ஆனால் அரிவாள் செய்யும் பட்டறை அப்படியே சீஸ் கத்திக்கு மாறிவிட முடியாது. தடை கைத்திறனில் இல்லை, வெப்பத்தில் உள்ளது. ஸ்பிரிங் பட்டை எஃகு, சூடேறும்போது காட்டும் நிறத்தைக் கொண்டே அதன் பக்குவத்தை அனுபவமிக்க கொல்லர் கணித்துவிடுவார். ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் அளவில் எடுத்துத் தோய்ச்சல் கொடுத்தால், அதாவது எண்ணெயிலோ நீரிலோ சட்டென அமிழ்த்தினால், அலகு கடினமாகிவிடும்.

துருப்பிடிக்காத எஃகு அவ்வளவு எளிதில் இணங்காது. அதற்கு 1,000 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் தேவை. அந்த வெப்பத்தைக் குறிப்பிட்ட நேரம் மாறாமல் காக்கவும் வேண்டும். பின்னர் குறைந்த வெப்பத்தில் மீண்டும் சூடாக்கி நொறுங்கும் தன்மையைப் போக்க வேண்டும். துருத்தி ஊதும் கரி உலையில் இந்தக் கட்டுப்பாடு கடினம். வெப்பம் தவறினால், துருப்பிடிக்காது என்று நம்பி வாங்கிய கத்தியும் கறை படியும்; அல்லது விளிம்பு விரைவில் மழுங்கும்.

இந்தக் குறையை நிரப்பக்கூடிய வசதி பெங்களூருவிலேயே உள்ளது. ஸ்ரீராம்புரம் வழியே செல்லும் மெட்ரோ ரயிலின் பச்சை வழித்தடத்தில், வடக்கே சில நிலையங்கள் தள்ளி பீன்யா தொழிற்பேட்டை அமைந்துள்ளது. சம்பிகே சாலைக்கும் பீன்யாவுக்கும் இடையிலான இந்தப் பாதை 2014 மார்ச் 1 முதல் இயங்குகிறது. எஃகுத் தகட்டை லேசர் மூலம் வெட்டும் கூடங்களும், மின் உலைகளில் எஃகைப் பதப்படுத்தித் தரும் கூடங்களும் பீன்யாவில் இயங்குகின்றன. அதே வழித்தடத்தில் தெற்கே சென்றால் சிக்பேட்டை, கே.ஆர். மார்க்கெட் ஆகிய பழைய வணிகப் பகுதிகள் வந்துவிடும்.

அலகைத் தீட்டுவது, துளையின் விளிம்பை அரத்தால் மழுக்குவது, கைப்பிடியைக் கைக்கேற்பச் செதுக்குவது, மூட்டை இடைவெளியின்றி அடைப்பது ஆகியவை கைவினைஞர் செய்ய வேண்டியவை. எஃகைப் பதப்படுத்தும் ஒரு கட்டத்தை மட்டும் கட்டணம் செலுத்தி உலைக்கூடத்தில் செய்துகொண்டால், கைவினை என்ற தகுதி குறைந்துவிடாது. நவீன எஃகைப் பொறுத்தவரை சம்மட்டியால் அடிப்பதைவிடச் சரியான வெப்பமே அலகின் தரத்தைத் தீர்மானிக்கிறது. 'கையால் அடித்தது' என்ற சொல்லை மட்டும் நம்பி அதிக விலை கொடுப்பதும் இதே காரணத்தால் சரியாகாது.

கைப்பிடியிலும் உள்ளூர்ப் பொருட்களுக்கு வாய்ப்புண்டு, எச்சரிக்கையும் தேவை. பெங்களூருவுக்கு அருகிலுள்ள சன்னபட்டணம், வெட்பாலை மரத்தில் அரக்குப் பூசிச் செய்யும் பொம்மைகளுக்காகப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். அதே முறையில் வண்ணக் கைப்பிடிகள் செய்ய முடியும். ஆனால் அரக்கு சூட்டில் இளகும் தன்மையுடையது. கொழுப்புப் பிசுக்கைப் போக்கும் கொதிநீரை அது தாங்காது. அடர்த்தி மிக்க ஈட்டி, தேக்கு போன்ற மரங்களுக்கு எண்ணெய் ஊட்டிப் பயன்படுத்துவது மேசைக் கத்திக்குப் பொருந்தும்.

வாங்கும் முன்பும் பின்பும்

கடையில் கத்தியைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது மூட்டை. அங்கே நகத்தின் நுனி நுழையும் அளவுக்குக்கூட இடைவெளி இருக்கக் கூடாது. அடுத்து, மேசைப் பலகையின் மீது வெட்டுவது போல வைத்துப் பார்த்தால், விரல்கள் இடிக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். துளைகளின் உள்விளிம்பு மென்மையாக உள்ளதா எனக் கவனமாகத் தடவிப் பார்க்கலாம்.

எந்த வகை எஃகு, எந்த அளவுக்குக் கடினமாக்கப்பட்டது என்ற இரு கேள்விகளுக்கும் தயாரித்தவர் தெளிவாக விடை சொல்ல வேண்டும். மேசைக் கத்திகளின் கடினத்தன்மை பொதுவாக ராக்வெல் சி அளவில் 54 முதல் 58 வரை இருந்தால் போதுமானது. அதற்கு மேற்பட்ட கடினம் சமையற்கலைஞரின் கத்திக்கு உதவலாம்; மேசைக்கு அவசியமில்லை.

பயன்படுத்திய பின் கத்தியை ஊறவைக்காமல், வெந்நீரிலும் சோப்பிலும் உடனே கழுவித் துடைத்து வைக்க வேண்டும். மரக் கைப்பிடி கொண்டவற்றைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் இடுவது கைப்பிடியில் விரிசலை உண்டாக்கும். நீலப் பூஞ்சை கொண்ட சீஸுக்குத் தனிக் கத்தி வைத்துக்கொள்வது நல்லது. இல்லையெனில் அந்தப் பூஞ்சை மற்ற கட்டிகளுக்கும் பரவும். விளிம்பு மழுங்கினால், தெருவில் வரும் சாணை பிடிப்பவரிடம் கொடுக்கும்போது மெல்லத் தீட்டுமாறு கேட்டுக்கொள்ள வேண்டும். சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் எழும் சூடு மெல்லிய விளிம்பின் பதத்தைக் கெடுத்துவிடும். அவ்வாறு சிவந்தோ நீலம் பாய்ந்தோ போன விளிம்பு பழைய உறுதியை இழந்துவிடும்.